முழுப் பேர்

ஞாயிறு இரண்டு மணிக்கு
ஃபஸ்மியாவின் தையல் கடை மாடியில்
பதினேழு படங்குகளை விரித்தோம்.
உரப்பையில் வெட்டியது, சாக்கில் வெட்டியது,
கொழுந்துக் கறை, அட்டை கடித்த இரத்தம்.
துவைத்துத்தான் கொண்டு வந்தார்கள்,
இருந்தும் மருந்தடித்த மலையின் வாடை.

நான் கொழுந்து பறிப்பவளில்லை.
அட்டன் டவுனில் போட்டோக்கொப்பி எடுக்கிறேன்.
நாளெல்லாம் அடுத்தவர் அடையாள அட்டை,
கந்தோரில் காதில் விழுந்தபடி எழுதிய பேர்கள்:
பவுனம்மா பவணமா ஆகியிருப்பாள்,
அப்பன் பேரில் ஒரு கால் உடைந்திருக்கும்.

தோட்டத்தில் பேர் என்றால் ஒரு நாள் சம்பளம்.
கிலோ குறைந்தால் அரைப் பேர்.
"இன்னைக்கு எனக்கு அரப்பேருதான்" என்று
வயிற்றுப் பிள்ளையோடு அம்மா சொல்லக் கேட்டவள் நான்.
எந்தப் பாதி என்று கேட்கத் தோன்றியதில்லை.

யோசனை யாருடையது என்று இன்னும் சண்டை.
யோகமலர் தன்னுடையது என்கிறாள், இருக்கட்டும்.
அவரவர் படங்கில் அவரவர் முழுப் பேரை
அவரவர் கையால் தைப்பது.
எழுத்து வராதவர்களுக்கு
தையல் சோக்கால் கோடு போட்டுக் கொடுத்தேன்.
சாதா ஊசி ஒடிந்தது. கோணி ஊசி வாங்க
கடைசிப் பஸ் காசு போயிற்று.

குசுமாவதி சிங்களத்தில் தைத்தாள், வட்டம் வட்டமாக.
உங்க எழுத்துக்கு நூல் கூட வேணும் என்றோம்.
உங்க பேருக்குத்தான் நீளம் கூட என்றாள்.

சந்தனமேரி 'சந்தன' வரை வந்து
நூலைப் பல்லால் கடித்தாள்.
"மேரி எங்கடி?"
"இந்த மாசம் ஒம்பது அரப்பேரு.
மிச்சத்த தொரை தைக்கட்டும்."

நகரசபையில் கேட்டார்கள்: எந்தச் சங்கம்?
சங்கமில்லை.
தலைவர் யாரு?
இல்லை.
அப்ப யாரு பேருல கடிதம்?
பதினேழு பேரையும் எழுதினோம்.
படிவத்தில் ஒரு கோடுதான் இருந்தது.
ஓரத்தில் ஏறி, மடிப்பைத் தாண்டி,
பின்பக்கம் போனது பட்டியல்.
பாக்கலாம் என்றார்.
மூன்று கிழமை பார்த்தார்.

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை
பதினேழையும் ஒன்றாய்த் தைத்து
பஸ் ஸ்டாண்ட் இரும்பு வேலியில் கட்டினோம்.
பட்டாசுப் பெட்டி, புதுத் துணிப் பை,
டிக்கோயா பஸ்சுக்கு முண்டுகிற சனம்.
"வேற வேல இல்லையா இதுகளுக்கு"
என்று ஒரு குரல்.
ஒருத்தன் மட்டும் உதடசைய வாசித்தான்:
முத்துராக்கு சின்னையா.
இன்னொரு முறை வாசித்தான்.
அவனுடைய பஸ் போய்விட்டது.
யார் என்று நாங்கள் கேட்கவில்லை,
அவனும் சொல்லவில்லை.

பொலிஸ் வருவதற்குள் மழை வந்தது.

அவிழ்த்துச் சுருட்டி
ஆறு பேர் தோள் கொடுத்து
மார்க்கெட் கூரைக்குள் ஓடினோம்.
சிவப்பு நூல் சாயம்விட்டு
எல்லோர் கழுத்திலும் இறங்கியிருந்தது.
மரக்கறிக் கடை ரிஸ்கான் விளையாட்டாய்
அதைத் தூக்கித் தராசில் வைத்தான்.
நாற்பத்தொன்று.

"தண்ணிக்கி மூணு, சாக்குக்கு ரெண்டு, கழி!"
யாரோ பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.
வயிறு பிடித்துச் சிரித்தோம்,
கங்காணி மாதிரி குரல் வேறு.
சந்தனமேரி சிரிக்கவில்லை.
முள் ஆடி அடங்கும்வரை
நீர் சொட்ட நின்றாள்.
"நாப்பத்தொண்ணுனே எழுது" என்றாள் என்னிடம்.

பேனா நனைந்திருந்தது.
ரிஸ்கானின் சோக்கை வாங்கி
கத்தரிக்காய் விலைப் பலகையில்
விலையை அழிக்காமல், கீழே எழுதினேன்.

சாயங்காலம் கடை பூட்டும்வரை
அது எதனுடைய விலை என்று
சனம் கேட்டுக்கொண்டே இருந்ததாம்.