சாது

"ஜி.எச். எல்லாம் முன்னாடி வா" என்று
பத்தொன்பது வருஷமாகக் கத்தியிருக்கிறேன்.
புதன்கிழமை நானும் முன்னாடி வந்தேன்,
காக்கி இல்லாமல், கட்டம்போட்ட சட்டையில்.
இரண்டாவது கால் தரையில் படுவதற்குள்
ரெண்டு விசில்.
புதுப்பையன். அவனைச் சொல்லி என்ன,
நானும் அப்படித்தான் ஊதுவேன்.

குழாய்க்குள் அனுப்புமுன்
இரண்டு காதிலும் பஞ்சு வைத்தார்கள்.
இடதுக்கு வீண்செலவு.

டாக்டர் யசோதரா, என் மகள் வயதுதான் இருக்கும்,
பேனா முனையால் படத்தைத் தொட்டார்:
காது நரம்பின்மேல் வெள்ளையாக ஒரு புள்ளி,
பதினொரு மில்லிமீட்டர்.
"கேன்சர் இல்லை. எங்கேயும் பரவாது.
சாதுவான கட்டி.
கத்தி இப்போதைக்கு வேண்டாம்,
ஆறு மாசத்துக்கு ஒருதரம் பார்த்துக்கொள்வோம்."
பிறகு எழுந்து என் இடது பக்கம் வந்து
தோளில் கை வைத்து
மெதுவாக ஏதோ சொன்னார்.
என்ன மேடம் என்றேன்.
போன காது திரும்பாது என்பதை
இரண்டு முறை சொல்ல வேண்டியதாயிற்று, பாவம்.

சாது.
சாது மிரண்டால் காடு கொள்ளாதாம்,
ஏழாம் வகுப்பில் கருத்தை விரித்தெழுதி
பத்துக்கு நாலு வாங்கினேன்.
பதினொரு மில்லிமீட்டர் சாதுவுக்கு
என் மண்டை எத்தனை காடு?

வெளியே பெஞ்சில் செய்யாற்றுக்காரர் ஒருவர்,
அதே மாதிரி உறை மடியில்.
"உங்களுக்கு என்னா சொன்னாங்க?"
"சாதாக் கட்டிதானாம்."
சிரித்தார். நிஜமாகவே எனக்காகச் சிரித்தார்.
அவரை நான் கேட்கவில்லை.
கேட்டால் சொல்லிவிடுவார்.

அமலி சொந்தத்துக்கெல்லாம் போன் போட்டாள்.
மச்சான் அரைக்கிலோ மைசூர்பாகோடு வந்தான்.
நல்ல வேளை என்றார்கள், மாதா புண்ணியம் என்றார்கள்,
கீழ்வீட்டு லூர்தம்மா
யாருக்கோ வந்த பொல்லாத கட்டியின் கதையைச் சொல்லி
"அதுக்கு இது எவ்வளவோ தேவலை" என்றாள்.
தேவலைதான்.
அத்தனை நல்ல வேளைக்கு நடுவில்
பயப்படுவதற்கு ஒரு மூலை கிடைக்காமல்
குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் லாரிக்கு இறங்கினேன்.
குடம் நிறைகிற சத்தம்
எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதென்று தெரியவில்லை.
கால் நனைந்த பிறகு தெரிந்தது.

அன்று ராத்திரி
வலது காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தேன்.
மின்விசிறி நின்றது.
அமலியின் குறட்டை நின்றது.
பேசின் பிரிட்ஜ் தாண்டும் ரயிலும்.
ஊஊ என்று ஒன்று மட்டும்
மூடியில்லாத விசில் போல.
டிக்கெட் எடுக்காதவனை
முழிக்கிற முழியிலேயே பிடித்துவிடுவேன் நான்.
நீ எந்த ஸ்டாப்பில் ஏறினாய்?
பதில் இல்லை. ஊஊ.
இறக்கிவிடவும் முடியாது.
சரி, உட்கார்.
காலை மட்டும் நீட்டாதே.

திங்கள் முதல் டியூட்டி.
சட்டக்கல்லூரிப் பையன் ஒருத்தன்
இடது பக்கமிருந்து மூன்று தடவை கோயம்பேடு கேட்டு
"செவிடாய்யா நீ?" என்றான்.
"பாதி" என்றேன்.
பையன் சில்லறையை எண்ணாமல் வாங்கிக்கொண்டு
அமைந்தகரை வரைக்கும் என்னையே பார்த்தான்.

பெரிய கஷ்டம் படிக்கட்டு.
அது எப்போதும் இடது பக்கம்.
இறங்குகிற கால்களை இத்தனை வருஷம்
காதால் எண்ணி ஊதிக்கொண்டிருந்திருக்கிறேன்,
அதுவே இப்போதுதான் தெரிகிறது.
இனிமேல் ஒவ்வொரு ஸ்டாப்பிலும்
திரும்பிப் பார்க்க வேண்டும்.

திரும்பும் நடையில், ஜி.எச்.
விசில் வாயில்.
திரும்பிப் பார்த்தேன்:
ஸ்கேன் உறையை மார்போடு அணைத்தபடி ஒரு பெண்,
ஒரு கால் ரோட்டில், ஒரு கால் படியில்,
கேட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.
பின்னால் மூன்று வண்டி ஹாரன்,
ஷேர் ஆட்டோக்காரன் வசவு,
கண்ணாடியில் டிரைவர் காதரின் புருவம்.
எல்லாம் கேட்கிறது, நன்றாகவே கேட்கிறது,
வலது காதுக்கு.

அந்த இன்னொரு காலை
அவளே எடுத்து வைக்கட்டும்.