வெற்று மூடிகள்

ஸ்ரியரிங்கின் வலப்புறம், முழங்காலுக்கு மேலே
மூன்று சின்னச் சதுரங்கள்.
அமத்தினால் அமராது.
பொத்தான் மாதிரி இருக்கும், பொத்தான் இல்லை.
லீசிங் கந்தோரில் கேட்டேன்.
"இது அடி மொடல் மிஸ், உங்களுக்கு அது வராது" என்றான்,
சாதி சொல்வதுபோல் குரலைத் தாழ்த்தி.

நான் கேட்டது தோல் இருக்கை அல்ல.
கீழே, பம்பரோடு, இரண்டு மஞ்சள் விளக்கு.
மார்கழியில் ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி ஆஸ்பத்திரிக்குப் போனால்
வாய்க்காலும் றோட்டும் ஒரே வெள்ளையாய்க் கிடக்கும்.
பிள்ளை பிறக்கிற நேரம் பார்த்துப்
பனி விலகித் தருவதில்லை.

பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வந்தது பொதி.
கழற்றிய விளக்கு இரண்டு, இடதின் கண்ணாடியில் ஒரு கீறல்,
யாரோ விரல் வைத்து வைத்துப் படம் தேய்ந்த சுவிட்ச்.
வயர் இல்லை.

பொயா லீவு. தண்ணீர்த் தாங்கியின் நிழலில் வண்டி.
நிழல் நகர நகர நானும் வண்டியைத் தள்ளினேன்.
கேதாரன் ரோச் பிடித்தான். பிடித்தான் என்றால்,
போனையும் பார்த்துக்கொண்டு என் கண்ணுக்குள் பிடித்தான்.
காலாவதியான வங்கி அட்டையை இடுக்கில் நுழைத்தேன்.
டாஷ்போர்ட் முதலில் முனகியது, பிறகு
டக்.
ஒரு கிளிப்பின் பல் போய்விட்டது.

உள்ளே கை விட்டேன், முழங்கை வரை.
கண் தேவையில்லாத வேலை எனக்குப் பழக்கம்.
தலை எங்கே, தோள் எங்கே என்று விரலே சொல்லும்.
வயர்க்கட்டின் முதுகைத் தடவிக்கொண்டு போக
நீலப் பஞ்சு நாடா சுற்றி
ஒட்டிவைத்த ஒரு வெள்ளைத் தலை.
ஆறு பின். ஒருநாளும் எதிலும் பூட்டப்படாதது.
வெளியே இழுத்து சுவிட்சை வைத்தேன்.
பொருந்தியது.

"அப்ப, வயர் உள்ளுக்கை இருந்ததோ?"
இருந்தது, நான் முதல் தவணை கட்டிய நாளிலிருந்தே.
செம்புக்கு என்னிடம் காசை வாங்கிக்கொண்டு
வெளிச்சத்தை மட்டும் தாங்கள் வைத்துக்கொண்டார்கள்.

ஆத்திரம் வந்தது. பிறகு சிரிப்பு.
பிறகு போனட்டைத் திறந்தால், பியூஸ் பெட்டியில்
ரிலேக்கு உரிய இடத்தில் ஓட்டை மட்டும், உள்ளே பித்தளை இல்லை.
அவர்களும் முட்டாள்கள் இல்லை.
பற்றரியிலிருந்து தனியாய் ஒரு கோடு இழுத்தேன்.
அளவு தப்பி வெட்டினேன். மறுபடி இழுத்தேன்.
கேதாரன் தேத்தண்ணி போடுகிறேன் என்று போனவன்
போனவன்தான்.

ஐந்தரைக்கு வலது விளக்கு எரிந்தது.
இடது எரியவில்லை.
அரை மணி நேரம் பல்பைத் திட்டினேன்.
பிழை எர்த்தில். பெயின்றின் மேலேயே பூட்டியிருக்கிறேன்.
கத்தியால் சுரண்டி முறுக்கியதும்
கீறல் விழுந்த கண்ணாடியும் மஞ்சளானது.
பக்கத்து வளவுச் சிவஞானவதி மதிலுக்கு மேலால்
"என்ன, காரை விக்கப் போறியளோ?" என்றா.

அந்தக் கிழமையே அழைப்பு, விடிய மூன்று மணிக்கு.
பெரிய விளக்கை அணைத்தேன்.
இது பணிந்து எரிகிற விளக்கு.
தூரத்தைக் காட்டாது, ஓரத்தைக் காட்டும்:
தொட்டாச்சுருங்கி, ஒற்றைச் செருப்பு, மதகின் உடைந்த வாய்,
சிவப்புத் தலையோடு சாய்ந்துபோன ஒரு முளை,
எல்லாம் எடுத்து முடித்தவர்கள் எடுக்க மறந்தது.
இத்தனை வருசமும் நடுறோட்டையே பிடித்து ஓடியிருக்கிறேன்.
ஏன் என்று என் கால்களுக்குத் தெரியும்.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ எழுநூறு.

மற்ற இரண்டு மூடிகளுக்குப் பின்னாலும்
பிறகொருநாள் கை விட்டுப் பார்த்தேன்.
ஒன்றுமில்லை, நுரைப்பஞ்சும் தூசியும்.
முத்தையன்கட்டுப் பக்கம் திரும்பும்போது, மூன்றாம் கியரில்,
பல் போன கிளிப் கிறுகிறுக்கும்.
அந்தச் சத்தம்
கம்பனி பூட்டித் தந்ததல்ல.