மெய்ப்பு

கஸ்தூரியார் வீதி அச்சகத்தில்
பிழை பிடிப்பது என் தொழில்.
பொருள் பார்க்கச் சம்பளம் இல்லை.

தொண்ணூறில் தாள் ஒன்றும் வரவில்லை.
ஒலிபெருக்கிதான்.
வெளியேறு. ஏவல் வினை.
இரண்டு மணித்தியாலம்.
ஜுனைதீன் நானா தைத்துக்கொண்டிருந்த என் சட்டைக்கு
இடக் கை பூட்டியிருக்கவில்லை.
மிஷினில் நூல் கோத்தபடியே கிடந்தது
என்று போய்ப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.
பிறகு மிஷினையும் காணவில்லை.

பேச்சுவார்த்தைக் காலத்தில்
வாமதேவன் ஒரு சிறுநூல் கொண்டுவந்தார்.
‘வெளியேற்றப்பட்டனர்.’
யாரால் என்று ஓரத்தில் எழுதி வைத்தேன்.
அது எழுத்துப்பிழை இல்லைப் பிள்ளை, என்றார்.
இரண்டாம் பதிப்பில் ‘இடம்பெயர்ந்தனர்’.
தன்வினை.
மாரிக்கு வந்த நாரைகள்
தாமாகத் திரும்பிப் போன மாதிரி.

இப்போது மகன் வருகிறான்.
பென் டிரைவ், மடிப்புக் கலையாத சேர்ட்.
என்னை மிஸ் என்கிறான்.
தகப்பன் மேசையில் அடித்துச் சொன்ன
‘தொப்பி பிரட்டி’ இவன் வாயில் வராது.
‘சனத்தொகைச் சமநிலை.’
‘எங்கட காசு எங்கட கடைக்கு.’
‘நாம் எவருக்கும் எதிரானவர்கள் அல்லர்.’
அல்லர்!
எவ்வளவு சுத்தமான இலக்கணம்.
சிவப்பு மை தொட ஓர் இடம் இல்லை.

அநுராதபுரத்தில் இருந்த நாட்களில்
சிங்களம் வாசிக்கப் பழகினேன்.
பஸ் நிலையச் சுவரில்
இதே வசனம் ஒட்டியிருந்தது,
இதே பணிவோடு.
அதில் எண்ணப்பட்ட தலைகள்
எங்களுடையவை.

மூன்றாம் பக்கத்தில் ஒன்று அகப்பட்டது.
‘உறவுகளே, எங்கள் வேறை மறவோம்.’
எங்கள் ஊர்ப் பேச்சில்
வேறை என்றால் மற்ற ஆள்.
கொஞ்ச நேரம் அப்படியே விட நினைத்தேன்.
நினைத்தேன் என்பதுதான்.
றையை வெட்டி ரை போட்டேன்,
கையொப்பம் வைத்தேன்,
பில்லுக்கு நாலாயிரத்து எண்ணூறு.

கழிவுத்தாளை முதலாளி கிலோக் கணக்கில் விற்பார்.
ஐந்து சந்தியில், புத்தளத்திலிருந்து திரும்பிவந்த
ஜுனைதீன் நானாவின் மகன்
ரோல்ஸ் இரண்டைச் சுற்றித் தந்தான்.
எண்ணெய் ஊறித் தாள் கண்ணாடியானது.
சிவப்பில், என் கையெழுத்தில்,
ஒரு ரை.

‘ஒழுகுது அக்கா,
இன்னொரு தாள் சுத்தவா?’