பிடியில்லாத பக்கம்

கந்தப்பளைச் சந்திக்கு மேலே, நௌபரின் கறாஜில்
நாலு மரக்கட்டையில் நிற்கிறது
என் எண்பத்து நாலாம் ஆண்டு ஹைலக்ஸ்,
பின்பக்கம் கழன்று
வேட்டி அவிழ்ந்த ஆள் மாதிரி.

பழைய டிபரன்ஷலைக் கவிழ்த்தால்
எண்ணெயோடு வெள்ளித்தூள்.
விரலில் தொட்டுக் காட்டினான்:
"நீ ஏறின மேடெல்லாம் இதுக்குள்ள இருக்கு."

மாற்று அக்சில் பஞ்சிகாவத்தையில் வாங்கியது.
முன்பக்கம் நசுங்கிய ஏதோ வேனுக்குப்
பின்பக்கம் மட்டும் ஆயுள் கெட்டி.
அகலம் ஓர் அங்குலம் கூட.
ஸ்பிரிங் இருக்கையை அறுத்து ஒட்டவேண்டும்,
பிரேக் குழாய் எட்டவில்லை,
சாப்ட்டின் நாலு ஓட்டையில் இரண்டுதான் நேர்.

பழசின் குணம் எனக்குத் தெரியும்.
ஒரு சக்கரம் கல்லில், ஒன்று சேற்றில் என்றால்
பலமெல்லாம் சேற்றுக்கே கொடுக்கும்.
பிடிப்புள்ளது சும்மா நிற்கும்,
மற்றது சுற்றிச் சுற்றிப் புகையும்.

எங்கள் வீட்டுக் கணக்கும் அதுதான் என்று
நான் வாய்விட்டுச் சொன்னதில்லை.
தம்பி கிருபாவுக்குக் கட்டிய தவணை,
கிருபாவுக்காக மீட்ட மோட்டார் சைக்கிள்,
கட்டாருக்கு இரண்டாம் தடவை ஏஜென்சிக் காசு.

ஆனால் மழைநாளில் லீக்ஸ் ஏற்றிப்
பீலிக்கரை வளைவுக்கு வந்தால்
சொல்லாமலே குதிப்பான்.
இடது பம்பரில் ஏறி
எழுபது கிலோ உடம்பையும் ஆட்டுவான்.
அவன் பாரத்தில்தான் சக்கரம் மண்ணைக் கவ்வும்.
பதினோரு வருசம்,
முதுகெல்லாம் சேறு.

நௌபர் பற்களுக்கு நீலச் சாயம் பூசி
உருட்டிக் கடி பார்த்தான்.
"நாற்பத்தொன்றுக்கு ஒன்பது பல்லு.
ஓட்டம் குறையும், ஏத்தம் ஏறும்.
உள்ளுக்குத் தட்டு இருக்கு,
ஒண்ணு வழுக்கினா மத்ததுக்கும் பங்கு குடுக்கும்."

சனிக்கிழமை மழை. இருபது மூட்டை.
பீலிக்கரையில் இரண்டாம் கியர்,
வண்டி ஒரு முனகலோடு ஏறிவிட்டது.
கண்ணாடியில் பார்த்தேன்:
வளைவுக்குக் கீழே கிருபா,
குதித்த இடத்திலேயே,
சாரத்தை ஒரு கையால் மடித்துப் பிடித்தபடி.

மேலே நிறுத்தி ஹார்ன் அடித்தேன்.
அவசரமில்லாமல் நடந்து வந்தான்.
நனைந்திருந்தான், சேறில்லை.
"நல்லாத்தான் ஏறுது" என்று கதவை இழுத்தான்,
இரண்டு தரம்.

வெகுநேரம் பேச்சில்லை.
மீட்டர் ஐம்பது காட்டியது.
பல் மாறியதில் கூட்டிச் சொல்லுது,
உண்மையில் நாற்பத்தஞ்சுதான் என்றேன்.
"அப்ப சந்தைக்குப் பிந்தித்தான் போவோம்."
சீட்டுக்கடியில் துணியைத் தேடி எடுத்துக்
கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான்,
முதலில் என் பக்கம்.