அரைகலம்

பீட்டர்மாரிட்ஸ்பர்க் பள்ளியின் லத்தீன் வகுப்புக்கு
ஆறு விளக்கு, நாலு கூஜா, ஒரு அரைகலம்.
படம் வந்தது, சென்டிமீட்டர் கணக்கோடு.

விளக்குகள் சொன்னபடி கேட்டன.
அரைகலம்தான் அடம்.
உள்வயிற்றில் கூர்மணல் பதிக்க வேண்டும்,
ஈரம் காயுமுன்.
உம்சுண்டுசி ஆற்று மணலைச் சலித்ததில்
சலோஷ்ணியின் மாவுச்சல்லடை பாழ்.

விளிம்பை இழுத்து மூக்கு வைத்த இடத்தில்
ரோமாபுரிக் குயவனின் கட்டைவிரல் ரேகை
படத்தில் தெளிவாகத் தெரிகிறது.
அதை எப்படி நகலெடுப்பது?
மூன்று நாள் தள்ளிப்போட்டு
என் விரலையே அழுத்தினேன்.
அவனுடையதைவிடக் கொஞ்சம் அகலம்.

சூளை பிரித்த ஞாயிறு மதியம் மின்வெட்டு.
மிக்ஸி ஊமை.
சலோஷ்ணி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.
பூண்டு, கொத்தமல்லி, நாலு பச்சைமிளகாய்,
கல்லுப்பு.
அரைந்தது.
மணல் ஒன்றுகூடப் பெயரவில்லை.
ரொட்டியால் வழித்துத் தின்றோம்,
ஆளுக்கு ஒரு பக்கம்.

இரண்டு முறை கழுவினேன்.
மறுநாள் ஆசிரியை குனிந்து முகர்ந்தார்:
"ரோமர்களுக்கு மிளகாயே தெரியாதே, மிஸ்டர் கவுண்டன்."

பேசாமல் பில் புத்தகத்தை எடுத்தேன்.
விளக்கு, புதிது, ஆறு.
கூஜா, புதிது, நாலு.
அரைகலம் ஒன்று,
பழகியது.