ஏறட்டும், இறங்கட்டும்

திருச்சி விமானம் ஒன்று நாற்பதுக்குத் தரை தொட்டது.
பெட்டி வந்தபோது இரண்டு இருபது.
கடைசி ரயில் போய்விட்டிருந்தது.
பேருந்து முகப்பில் ஒரு நாற்காலி
மேசைமேல் கவிழ்ந்து கிடந்தது.

கூப்பன் டாக்சிக் கூண்டில் விழித்திருந்த பெண்
அட்டையைத் திருப்பிக் காட்டினாள்:
நள்ளிரவுக்குமேல் பாதி கூடுதல்.
தூணோரம் நின்ற ஒருவன்
நூற்றைம்பது என்றான், நூற்று நாற்பது என்றான்,
நான் வாய் திறக்காமலே
நூற்று முப்பதானான்.
அவனையும் கடந்தேன்.

கைப்பேசியில் செந்தூலுக்கு
நூற்றுப் பதினெட்டு வெள்ளி.
ஒரே நேரத்தில் நாலு விமானம் இறங்கினால்
அந்த எண்ணுக்கு இப்படித்தான் காய்ச்சல் வரும்.
தானே தணியும்.
என்னிடம் பொறுமை இருந்தது;
அதற்கு யாரும் கட்டணம் கேட்பதில்லை.

வெளியே புழுக்கம், உள்ளே குளிர்,
நடுவில் கண்ணாடிக் கதவு
ஆளில்லாமலே திறந்து மூடிக்கொண்டிருந்த இடத்தில்
மைலோ எந்திரத்துக்குப் பக்கத்தில்
இன்னொரு மனிதரும் கைப்பேசியை முறைத்தபடி.

"இறங்க மாட்டேங்குதுங்க" என்றேன்.
"எனக்கு ஏற மாட்டேங்குது" என்றார்.
எதை என்று கேட்கவில்லை.
பங்குச் சந்தையாக இருக்கும்,
பேட்டரியாகவும் இருக்கலாம்.

நூற்றுப் பதினொன்று.
அவர் எந்திரத்தில் ஒரு வெள்ளி போட்டார்.
அது விழுங்கியது. தட்டினார். மறுபடி தட்டினார்.
ஒரு வெள்ளிதானே என்பார் என நினைத்தேன்.
சொல்லவில்லை. குனிந்து,
முழங்கைவரை உள்ளே விட்டுத் துழாவினார்.
அப்போதே எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

தொண்ணூற்றாறு.
"இன்னும் அரை மணி பார்ப்பேன்" என்றார்,
"ஜகார்த்தா ஃபிளைட் வரணும்."
உறவுக்காரர் யாரோ வருகிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எண்பத்தொன்பது. எண்பத்தொன்று.
அங்கேயே கால் ஊன்றி நின்றது வெகுநேரம்.
ஐம்பது வெள்ளிக்காக
ஓர் இரவுத் தூக்கத்தை விற்பாயா என்று
தங்கை வசந்தமலர் கேட்பாள்.
கேட்கட்டும்.
தூக்கம் நாளைக்கும் வரும்.
மாதக் கடைசியில் ஐம்பது வெள்ளி
எந்த ராத்திரியில் வந்திருக்கிறது?

ஜகார்த்தா தாமதம் என்றது பலகை.
அவர் முகம் விழுந்தது.
என் எண்ணும் விழுந்தது:
அறுபத்தைந்து நாற்பது.
அழுத்தினேன்.

மைலோ எந்திரத்துக்குப் பக்கத்தில்
ஒரு கைப்பேசி அலறியது.

புவனேந்திரன். சாம்பல் நிற பெர்சோனா.
வந்து சேர ஒரு நிமிடம்.

திரையைப் பார்த்தோம், பிறகு ஒருவரையொருவர்.
ஒரே சாமியிடம் மழை கேட்டவரும்
வெயில் கேட்டவரும்
செருப்பு விடும் இடத்தில் பார்த்துக்கொண்டதுபோல.

"நீங்கதானா அது?" என்றார்.
நான் கேட்க வேண்டியதும் அதேதான்.

நெடுஞ்சாலையின் இருபுறமும் செம்பனை இருட்டு.
அவர் தன் கணக்கைச் சொன்னார்:
கம்பெனி பங்கு, பெட்ரோல்,
காலி வண்டியாய் வந்த தூரம்,
வரிசையில் கிடந்த நேரம்.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது என்று
அவருக்கும் தெரியவில்லை.
நானும் என்னுடையதைச் சொன்னேன்.
இரண்டு கணக்கும் சரியாகவே இருந்தன.
அதுதான் சிக்கல்.

டோலில் தடுப்பு உயர்ந்தது.
"இது உங்க பக்கம்" என்றார்.
"தெரியும்" என்றேன்.
பிறகு வானொலி மட்டும் பேசிக்கொண்டு வந்தது,
யாரோ யாருக்கோ பிறந்தநாள் வாழ்த்து.

செந்தூலில் இறங்கும்போது
அடுக்குமாடிகளுக்கு மேலே கிழக்கில்
ஒற்றை வெள்ளி.
அதற்குச் சில்லறை கிடையாது.

டோலோடு எழுபத்தொன்று நாற்பது.
எழுபத்திரண்டு கொடுத்தேன்.
மீதிக்காகக் கதவுப் பையில் தேடினார்,
மிதியடிக்கு அடியில்,
முருகன் படத்துக்குப் பின்னால்.

'இருக்கட்டும்' என்ற சொல்
நாக்கு நுனிவரை வந்தது.
எந்திரத்துக்குள் முழங்கைவரை போன
அந்தக் கை நினைவுக்கு வந்தது.
சொல்லவில்லை. பெட்டியோடு நின்றேன்.

இருபது, இருபது,
பத்து, ஐந்து,
சற்றுப் பொறுத்து இன்னோர் ஐந்து.

எண்ணிக் கொடுத்தார்.
எண்ணி வாங்கிக்கொண்டேன்.