ஒன்று கூட

வாத நோய்ப் பிரிவில் செவ்வாய்க் கிழமைகளில்
ஆண் நான் ஒருவன்தான்.
"மேடம் வேதநாயகம்" என்று கூப்பிட்டுவிட்டு
நிமிர்ந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வாள்
தாதி நூருல்.
போன மாதம் முதல் பெயரே சொல்வதில்லை.
கண்ணைக் காட்டுகிறாள், எழுந்து போகிறேன்.

புது மாத்திரைக்கு முன்னால் ஒரு படிவம்.
கருவுற்றிருக்கிறீர்களா?
இல்லை.
கருவுறும் எண்ணம் உண்டா?
பேனாவை மூடிவிட்டு
நொவீனாவின் கண்ணாடிக்கு அப்பால்
ஒரு கிரேன் சும்மா திரும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
இருந்தது. ஆறு வருடம். இரண்டு பேருக்கும்.
கட்டத்தில் அவ்வளவுக்கு இடமில்லை.

எனக்குத் தண்டவாள வேலை, இரவுப் பணி.
கடைசி ரயில் அடங்கினபின் இறங்கினால்
முதல் ரயிலுக்கு முன் ஏறவேண்டும்.
வெயில் ஆகாது என்றார்கள்.
பன்னிரண்டு வருடமாய் வெயிலுக்கும் எனக்கும்
பேச்சுவார்த்தையே இல்லை என்றேன்.
அப்படியும் மூக்கின் இருபுறமும்
சிவப்பாய் விரிந்து உட்கார்ந்திருக்கிறது.
"நேற்று ஊற்றிக்கொண்டாயா அண்ணே?" என்கிறான்
கூட வேலை செய்யும் பையன்.

என் ரத்தம்
என் அணுக்களின் கருவையே அந்நியன் என்று
புகார் எழுதிக் கொடுத்திருக்கிறது.
முழங்கால், மணிக்கட்டு, சிறுநீரகம்
ஒவ்வொன்றாய் விசாரணைக்குப் போய் வருகின்றன.

பத்துப் பேருக்கு இது வந்தால் ஒன்பது பேர் பெண்கள்.
பக்கத்து நாற்காலி பெக் ஹூன்
மிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கொடுத்துக் கேட்டாள்:
"உனக்கு எப்படி?"

எப்படி என்று ஒரு தாளில் இருந்தது.
பிள்ளைக்காக அலைந்த நாளில்
வேறு மருத்துவமனை, வேறு மாடி, கொடுத்த தாள்.
நாற்பத்தாறு இருக்கவேண்டிய இடத்தில் நாற்பத்தேழு.
எக்ஸ், எக்ஸ், ஒய்.
ரூபவதி அதை நாலாய் மடித்து
வீட்டுப் பத்திரத்தின் அடியில் வைத்தாள்.
அன்று இரவு மீ கோரெங் வாங்கி வந்து தின்றோம்.
பிறகு பேசவில்லை.
இங்கே ஒரு கோப்பு, அங்கே ஒரு கோப்பு.
இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை,
பயிற்சி டாக்டர் ஷியூ லிங்
என் கை நீளத்தை ஒருமாதிரி பார்த்துவிட்டு
"குழந்தைகள்?" என்று கேட்கும்வரை.

ஒவ்வோர் அணுவிலும்
ஓர் எக்ஸைத் தூங்கவைத்துவிடுமாம் உடம்பு.
ஆனால் சில இடங்கள் விழித்தே இருக்குமாம்.
புரிகிறது என்றேன்.
மூன்றாம் தண்டவாளத்தில் மின்சாரம் நிறுத்தியாயிற்று என்று
ரேடியோவில் சொல்வார்கள்.
கருவி வைத்துச் சோதிக்காமல்
ஒருவனும் கால் வைக்கமாட்டான்.
அவள் அதை எழுதிக்கொண்டாள்.

தொடக்கப்பள்ளியில்
தமிழ் எழுத்து எத்தனை என்ற கேள்விக்கு
இருநூற்று நாற்பத்தாறு என்று எழுதி
ஒரு மதிப்பெண் இழந்தவன் நான்.
மூன்று புள்ளியை விட்டுவிட்டேன்.
உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது,
ஆனால் எண்ணாமல் விட்டால் கணக்குத் தப்பு.
அதன் பெயரையும் ஆயுதம் என்றே எழுதிவந்தேன்.
சிவப்பு மையில் சுழித்துத் திருத்துவார்கள்,
ஆய்தம், ஆய்தம்.
இரண்டில் எது சரி என்று
இப்போது என் மூட்டுகளைக் கேட்டால்
வேறு பதில் சொல்லும்.

நேற்று ரூபவதி தாளை வெளியே எடுத்து
மேசைமேல் வைத்து நீவினாள்.
மடிப்பு போகவில்லை, எண்மேலேயே ஒரு கோடு.
புதுக் கோப்பில் முதல் பக்கமாய்ச் செருகினாள்.
"முதலிலேயே காட்டியிருக்கலாம்" என்றாள்.
யாரை என்று நான் கேட்கவில்லை.

ஈஷூனில் கூரை போட்ட நடைபாதை
எங்கள் பிளாக்குக்கு இருபத்தாறு அடி முன்பே முடிந்துவிடும்.
இன்று வேலை முடிய நேரமாகிவிட்டது, எட்டு மணி,
வெயில் ஏறியிருந்தது.
கூரையின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தாள்,
கையில் பூப்போட்ட குடை.
அவள் பிடித்தால் என் தலையில் இடிக்கிறது.
நான் வாங்கிப் பிடித்தேன்.
உயரம் நான்தான்.